விண்கலத்தில் ஒரு முதலாளி

மார்ச் 6

கணக்கம்மாவுக்கு,

சனிக்கிழமை நடந்த வேஷம் கட்டும் ஆட்டத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விண்கலத்தின் தலைவியாக நின்ற உன்னை நான் கடை வேலையைக் காட்டி மிரட்டிவிட்டேன். நீ சட்டையில் குத்தியிருந்த தலைவிப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். திங்கட்கிழமை கடைக்கு வரவில்லை. நேற்று நம் மூட்டை தூக்குகிற பெரியவரிடம் சாவிக்கொத்தையும் ராஜினாமாவையும் கொடுத்தனுப்பியிருக்கிறாய். நடந்தது இவ்வளவுதான். தகராறு என்று வந்தால் நடந்ததை முதலில் எழுதி வைத்துவிட வேண்டும் என்பது நான் வியாபாரத்தில் அடிபட்டுக் கற்றது. நாள் போகப் போக ஆளுக்கொரு கதை ஆகிவிடும்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டுக்கு வரலாமென்றால் உன் அம்மா முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் எழுதுகிறேன், பிழை பார்க்காதே.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். விண்கலத்தில் காற்று போதவில்லை, ஒரு ஆள் வெளியேறினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று ஆட்டத்தை நடத்துகிற பல் டாக்டர் அறிவித்தார். எனக்கு எந்திரம் பழுதுபார்ப்பவன் வேஷம். கையில் பெரிய ஸ்பேனரோடு, முகத்தில் கரியோடு, நல்ல உற்சாகத்தில் இருந்தேன். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி. அத்தனை பேர் இருக்க, நீ யோசிக்கக்கூட இல்லை. நேராக என்னைக் கைகாட்டினாய். நான் மறுத்தேன். "இது உத்தரவு" என்றாய். அந்தக் குரலை நான் கடையில் ஒருநாளும் கேட்டதில்லை. வாய் முந்திக்கொண்டது.

"திங்கக்கிழம கடைக்கு வரணும்ல, ஞாபகம் இருக்கட்டும்."

விளையாட்டுக்கு நடுவே விளையாட்டாக வந்த வார்த்தை. அதைப் போய் இவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமா? பெயிண்ட் கம்பெனிக்காரன் வந்து தள்ளுபடிக் கழிவுக் கணக்கைக் கேட்கிறான்; எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பைப் வாங்க வந்தவனுக்கு விலை சொல்ல நானே பத்து தடவை எழுந்து ஓடுகிறேன். உன் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்க மனசில்லை. சம்பளத்தை ஏற்றித் தருகிறேன். எவ்வளவு என்று நீயே எழுது. பேரம் பேச மாட்டேன். நான் பேரம் பேசாமல் எதையாவது முடித்து நீ பார்த்திருக்கிறாயா? அதிலிருந்தே தெரிந்துகொள்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
முதலாளி


மார்ச் 9

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். கழிவுக் கணக்கு இரும்பு அலமாரியின் நடுத்தட்டில், பச்சை உறையில் இருக்கிறது. அலமாரிக் கதவு இறுகிக்கொள்ளும். கீழே ஒரு உதை விட்டால் திறக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மன்னிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். சம்பள உயர்வுதான் கிடைத்தது. அது வேண்டாம்.

முதலாளி, கடையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது தெரியுமா? "சரிங்க." வாடிக்கையாளர் கத்தினாலும் சரிங்க, கம்பெனிக்காரர் முறைத்தாலும் சரிங்க, நீங்கள் நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொன்னாலும் சரிங்க. அதில் எனக்குக் குறையில்லை. வேலை என்றால் அப்படித்தான். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் கடற்கொள்ளைக்காரியாக இருந்தேன், துப்பறிகிறவளாக இருந்தேன், ஒரு தடவை நாட்டையே தோற்ற ராணியாகவும் இருந்தேன். தோற்றது நானாக எடுத்த முடிவால். அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குப் புரியாது, உங்கள் முடிவுகளால் தோற்க உங்களுக்கு எப்போதும் உரிமை இருந்திருக்கிறது.

முதன்முதலில், கப்பல் ஆட்டத்துக்குப் பாய்மரம் கட்டப் பைப் கொண்டுவந்து இறக்கினீர்கள். ஒரு மாலுமி குறைகிறதே என்று பல் டாக்டர் உங்களைப் பிடித்து நிறுத்தினார். முதலாளி வந்தால் கப்பலும் கடையாகிவிடுமே என்று பயந்தேன். ஆகவில்லை. நான் சொன்னபடி தளத்தைத் தேய்த்துக் கழுவினீர்கள். அரண்மனை ஆட்டத்தில் என் பல்லக்கைத் தூக்கினீர்கள். பங்களாக் கொலை ஆட்டத்தில் நான் விசாரித்தபோது, விஷம் வைத்த சமையல்காரராக நிஜமாகவே வியர்த்தீர்கள். திங்கட்கிழமை கடையில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அந்த நாணயத்தை நான் நம்பினேன்.

இப்போதுதான் தெரிகிறது, பல்லக்கைத் தூக்கும்போதும் திங்கட்கிழமையை மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் யாரிடம் வேலை பார்க்கிறேன் என்று தெரியாது. நான் வெளியே வந்தபோது, முன்பு என் படைத்தளபதியாக இருந்த கல்லூரிப் பெண் பின்னாலேயே ஓடி வந்து, "அக்கா, அவர் உங்க ஓனரா?" என்று கேட்டாள். பாவம், மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாத முடிவு வேலைகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புது ஆளுக்கு உதவும்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கர்


மார்ச் 14

கணக்கம்மா அவர்களுக்கு,

அலமாரியை உதைத்தேன், திறந்தது.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வழக்கம்போல ஒரு ஜோக் சொன்னேன். சுவரைவிட மெலிசாகப் பெயிண்ட் கேட்ட ஆளைப் பற்றிய பழைய ஜோக், உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார். முன்பெல்லாம் நான் ஜோக் சொல்வதில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அத்தனை பேர் பல்லையும் பார்த்தேன், கணக்கம்மா. எல்லாம் சம்பளப் பல்.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. பல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நேராகக் கேட்க வெட்கப்பட்டு, கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தேன். அவர் விவரமானவர். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுக்கொண்டு அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். பதில் பேச முடியாமல் ஒருவர் சொல்வதை முழுசாகக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சண்டை, சாவு, துரோகம் எல்லாத்துக்கும் நம்ம ஆட்டத்துல விதி வச்சிருக்கேன். இதுக்கு மட்டும் வைக்கல. வைக்க வேண்டியிருக்கும்னு தோணல" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, கணக்கம்மா சம்மதித்தால் ஆட்டத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் பல்லுக்கு மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பல்லில் ஒன்றுமில்லையாம். கட்டணம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து வந்திருப்பேன்.

வீட்டில் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இத்தன வருஷம் கழிச்சுத்தான் இந்த மிரட்டலக் கேட்டிருக்கு. நான் கல்யாணமான மாசமே கேட்டுட்டேன்."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. ஒவ்வொரு தடவையும் சொல்லணுமா என்ன?"

அதோடு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வாய் முந்திக்கொண்டது என்று முந்திய கடிதத்தில் எழுதினேன். அது பொய். விளையாட்டாகச் சொன்னதும் இல்லை. என்னை வெளியே அனுப்புகிறார்கள், அதுவும் நான் சம்பளம் கொடுக்கிறவள் அனுப்புகிறாள் என்று சுருக்கென்று தைத்தது. கையில் கிடைத்ததை எடுத்து அடித்தேன். எனக்குக் கையில் எப்போதும் கிடைப்பது அதுதான். பல்லக்குத் தூக்கும்போதும் அது மடியில் இருந்தது என்று எழுதினீர்களே, இருந்தது. அதனால்தான் தூக்குவது அவ்வளவு லேசாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கீழே வைத்துவிடலாம் என்று தெரிந்தவன் தூக்குகிற பல்லக்கு.

வெட்கமாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். இந்தத் தடவை சம்பளம் பற்றி ஒன்றும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

தலைகுனிந்து,
பைப் கடைக்காரன்


மார்ச் 19

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். "நீங்கள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வந்தது. கடையில் நீங்கள் மரியாதை கொடுத்துப் பேசினால் அந்த ஆளுக்குக் கடன் கிடையாது என்று அர்த்தம். பிறகு படிக்கப் படிக்கப் பயம் போனது.

மன்னிப்பு வந்து சேர்ந்தது. பெற்றுக்கொண்டேன்.

பழைய இடத்துக்கு நான் திரும்பப் போவதில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அச்சகத்தில் கணக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன். மையும் காகிதமுமாக நல்ல வாசனை. இங்கேயும் சரிங்க சொல்கிறேன். ஆனால் இந்த முதலாளி எனக்குப் பல்லக்குத் தூக்கியதில்லை, அதனால் கஷ்டமில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் உங்களுக்கு வலிக்கும். சொல்லாவிட்டால், உங்களைப் பழிவாங்கத்தான் அன்று கைகாட்டினேன் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது எனக்கு வலிக்கும்.

காற்று தீர்ந்த கலத்திலிருந்து வெளியே போகிறவருக்குத்தான் கடைசிப் பேச்சு. விளக்கையெல்லாம் அணைத்து, அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் அடிப்பார்கள். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஆட்டத்தின் உயிரே அந்த இடம்தான். இது தலைவிக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும், மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு எப்படியோ தெரிந்துபோய், அந்தப் பேச்சைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கெஞ்சினாள். நான் கொடுக்கவில்லை.

கப்பலில், அரண்மனையில், பங்களாவில் நீங்கள் எல்லா ஆட்டத்திலும் ஓரமாகவே நின்றீர்கள். சொன்னதைச் செய்தீர்கள். ஒரு தடவையும் நீளமாகப் பேச உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சமையல்காரராக வியர்த்த அன்றைக்கே நினைத்தேன், இந்த மனிதருக்கு ஒரு இடம் கொடுத்தால் எல்லோரையும் அழ வைத்துவிடுவார் என்று. அதனால்தான் யோசிக்காமல் கைகாட்டினேன். யோசித்தது முந்தின வாரமே.

நீங்கள் மறுத்ததும், நல்லா நடிக்கிறாரே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி அந்த வார்த்தை வந்தது.

ஆட்டத்துக்கு நீங்கள் வருவதா வேண்டாமா என்பதை பல் டாக்டர் என் தலையில் கட்டியிருக்கிறார். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சக வாசலுக்கு வாருங்கள், பேசுவோம். வேலை முடிந்துதான் வெளியே வர முடியும். காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கணக்கம்மா


மார்ச் 24

கணக்கம்மா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை பேசியதை எழுத்தில் கொடுக்கச் சொன்னீர்கள். நான் கற்றுக்கொடுத்த பழக்கம், என் பக்கமே திரும்பிவிட்டது.

முதலில் உங்கள் கடிதத்துக்குப் பதில். படித்ததும் கல்லாவை மூடிவிட்டுப் பின்பக்கம் பைப் அடுக்குக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். எதைக் கொடுத்தால் எது வரும் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவன் நான். ஒருவர் சும்மா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும்போது அடிக்கத்தான் வருகிறார் என்று எண்ணிக் கையை ஓங்கியிருக்கிறேன். அந்தக் கடைசிப் பேச்சில் நான் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. கேட்க ஆள் இருந்தும் சொல்ல ஒன்றுமில்லாதவன் என்று தெரிந்தது. வெட்கத்தில் இது ஒரு தனி ரகம். இதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் எழுதுகிறேன்.

அச்சக வாசலில் நிற்கும்போது இரண்டு தடவை காவல்காரர் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முதல் தடவை, என் கடையில் வேலை பார்த்தவரை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கணக்கம்மாவை என்றேன். இரண்டாம் தடவை, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார். என்ன சொல்வது? ஒன்றும் வேண்டாம், நிற்கிறேன் என்றேன். நீங்கள் வெளியே வந்தபோது நான் காவல்காரர் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். கால் வலித்தது, உண்மைதான். ஆனாலும் அந்தச் சிரிப்பு நான் ஜோக் சொல்லாமல் வந்த சிரிப்பு. அதைக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இனி பேசி முடித்தது. நீங்கள் கடைக்குத் திரும்ப மாட்டீர்கள். நானும் கூப்பிட மாட்டேன், ஆள் விட்டும் கேட்க மாட்டேன். வேலை பார்த்ததற்கான சான்றிதழை நல்ல தாளில் எழுதித் தர வேண்டும், இத்துடன் வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு வேண்டிய பெயிண்டும் பைப்பும் கடை விலைக்கே, பில்லோடு. நான் இலவசமாகத் தருகிறேன் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், நீங்கள் மசியவில்லை. அந்தக் கல்லூரிப் பெண்ணிடமும் மற்றவர்களிடமும், நடந்தது என் தவறு என்று நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆட்டம் தொடங்கும் முன்பு. அடுத்த ஆட்டம் கொள்ளைநோய் ஆஸ்பத்திரி. நீங்கள் தலைமை மருத்துவர், நான் மூன்றாம் கட்டில் நோயாளி. இந்த வருஷம் முடியும்வரை எந்த ஆட்டத்திலும் எனக்கு வசனம் கிடையாது. ஒரே ஒரு வரியாவது கொடுங்கள் என்று கேட்டேன். முனகிக்கொள்ளலாம் என்றீர்கள்.

சம்மதம்.

இப்படிக்கு,
மூன்றாம் கட்டில்