சுத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே அனல். மாடி அறையின் பெட்ஷீட் நான்கு, தலையணை உறை ஆறு, துண்டு ஐந்து. சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டு ஊற வைத்தாயிற்று. கொசுவலை நாளைக்கு.

நேற்றுப் போன சென்னைக் குடும்பத்துக்கு, மாடி அறையை நாள் வாடகைக்கு விடும் ஆப்பில் நட்சத்திரம் போட்டேன். ஆப்பின் விதி அப்படி. நாம் அவர்களுக்குப் போட்டால்தான் அவர்கள் நமக்குப் போட்டது திறக்கும். திறந்த பிறகு யாரும் மாற்ற முடியாது. ஐந்து போட்டு, "நல்ல குடும்பம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று எழுதினேன்.

போட்ட மறுநிமிடம் அவர்களுடையது திறந்தது.

இடம் 5. படுக்கை 4. சுத்தம் 2. மொத்தம் 2.

"போட்டோவில் அழகாக இருக்கிறது. பெரியவர்களை அழைத்துப் போகும் அளவுக்குச் சுத்தம் இல்லை."

மூன்று முறை படித்தேன். சுத்தம் 2. எனக்கு! விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரைக் கழுவித் துடைத்து ஒப்படைத்தவள் நான். நான் கையெழுத்துப் போடாமல் டாக்டர் உள்ளே கால் வைக்க மாட்டார்.

தே. (என் வீட்டுக்காரர் தேவராஜ்) ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார். போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும் மேரி" என்றார்.

நேற்றுக் காலை நடந்தது. மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர்களுக்கு எல்லாம் பிரமாதம். கணவன், மனைவி, கணவனின் அம்மா. மீன் குழம்பை அந்த அம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கினார். ஞாயிறு காலை எட்டு மணி. இட்லி வைத்தேன். அந்த அம்மா சுவரில் மாதா படத்தைப் பார்த்தார். பிறகு தே. பக்கம் திரும்பி,

"நீங்க ஊரா, காலனியா?"

"காலனிங்கம்மா. அதோ தெரியுது பாருங்க, தண்ணி டேங்கு, அதுக்குப் பின்னால. இப்பதான் ரோட்டோரமா மனை வாங்கிக் கட்டிக்கினு வந்தோம்."

டம்ளரைக் கீழே வைத்தார். வயிறு சரியில்லை என்றார். பதினொன்றுக்குப் போக வேண்டியவர்கள் ஒன்பதுக்கே கார் ஏறிவிட்டார்கள். மகன் சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுத்தான் போனான். அந்தச் சிரிப்பை நம்பி ஐந்து போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மீந்த இட்லி பத்து. மத்தியானம் உப்புமா ஆக்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காற்று கொஞ்சமும் இல்லை.

ஒருவேளை உண்மையிலேயே அழுக்கோ? அந்தச் சந்தேகம் ராத்திரி முழுக்க அரித்தது. காலையில் மாடிக்குப் போனேன். தியேட்டரில் செய்வது போலவே: மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு விளிம்பிலும் இழுத்துப் பார்த்தேன்.

ஃபேன் இறக்கை – சுத்தம்.
ஜன்னல் கம்பி – சுத்தம்.
குளியலறை ஓடு, மூலை – சுத்தம்.
கட்டிலுக்கு அடியில் – ஒரு ஹேர்பின். அவர்களுடையது.
திரைக்குப் பின்னால் – பல்லி எச்சம், ஒன்று. காய்ந்தது. என்றைக்குப் போட்டதோ.

பல்லிக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கலாம். நியாயம். மூன்றா குறைப்பார்கள்?

ஆப் உதவியில் போய் எழுதினேன். வந்த பதில்: "உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம். விமர்சனம் எங்கள் விதிகளுக்கு உட்பட்டே இருக்கிறது. பாகுபாடு நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள்."

ஆதாரமாம். குடிக்காமல் வைத்த டம்ளரைக் கூரியரில் அனுப்பவா? அந்த அம்மா தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரா, காலனியா. வழி கேட்பதுபோல் கேட்டார். நட்சத்திரத்தில் "சுத்தம்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரியாது.

மனசு ஆறவில்லை. சுத்தமான குளியலறை ஓடுகளையே இன்னொரு தரம் தேய்த்தேன்.

ஜூன் 11, புதன்

காலை மேகம். ஏமாற்றிவிட்டுப் போயிற்று.

ஆப்பிலிருந்து நோட்டீஸ். சராசரி 4.5க்குக் கீழே போய்விட்டதாம். திங்கள் காலை பத்து மணிக்குக் கணக்கு எடுப்பார்கள். அப்போதும் கீழே இருந்தால் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இந்த வீட்டை நம்பித்தான் ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். முழங்கால் போய்விட்டது, திரும்ப அங்கே நின்று வேலை செய்ய முடியாது. தே. ஆட்டோவுக்கும் பாதி சவாரி இங்கே வரும் ஆட்கள்தான். ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவது, மண்டகப்பட்டு குகைக் கோயில், செஞ்சிக் கோட்டை. பட்டியலில் இல்லையென்றால் இந்த ரோட்டோர மாடியை யார் தேடி வரப்போகிறார்கள்?

ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். கூட்டினால் நாற்பது. 4.44. வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வருகிறார், தனியாக, இரண்டு நாள். அவர் ஐந்து போட்டால் பத்துப் பேருக்கு நாற்பத்தைந்து, சரியாக நாலரை. நான்கு போட்டால் போச்சு.

ஒன்பதில் இரண்டு பேர் நான்கு போட்டவர்கள். ஒருவர் "மிக அருமை, சொந்த வீடு போல" என்று எழுதி நான்கு. ஏன் சார் என்று அப்போதே கேட்டேன். "அஞ்செல்லாம் கடவுளுக்குத்தாம்மா" என்றார். கடவுள் என்ன வாடகைக்கா விடுகிறார்?

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். கரண்ட் இரண்டு தரம் போனது.

மகள் நிஷா சென்னையிலிருந்து பேசினாள். ஆப்பில் வீட்டை ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். இல்லை, கட்டளை போட்டாள்.

"மா, மாதா படத்த எடுத்துடு. யாராச்சும் கேட்டா திண்டிவனம் டவுன்னு சொல்லிடு. டவுன்னா தெரு கேக்க மாட்டாங்க. சாப்பாடு மெஸ்ல வாங்கிடு, சைவமா. இந்த ஒரு ஆளு போற வரைக்கும்தான் மா."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் ஆபீஸ்ல டெய்லி சொல்லிக்கினுதான் இருக்கேன்."

அவள் அங்கே என்ன ஊர் சொல்லியிருக்கிறாள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் நானே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். பழைய புடவையில் சுற்றி பீரோவில். சுவரில் சதுரமாக வெள்ளைத் தடம். தே. வந்தார், பார்த்தார், உள் அறைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினார். கடிகாரம் வட்டம். நான்கு மூலையும் வெளியே தெரிகிறது.

"பேஜாரா கீது மேரி."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்குதாங்க?"

ராத்திரி இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மதியம் 40 டிகிரி இருக்கும். அந்த அம்மா வந்தாயிற்று. ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். கண்ணாடி, பருத்திப் புடவை, தோளில் கேமரா. பழைய கோயில் படம் எடுப்பவராம்.

அறைக்குள் போனதும் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். எங்கள் தலைமை நர்ஸ் அப்படித்தான் செய்வார்.

"தண்ணி கேனா, போரா?"
"குடிக்கக் கேனுங்க. குளிக்க போருங்க."
"கொசு?"
"வலை இருக்குதுங்க."
கீழே வந்ததும் சுவரைப் பார்த்தார். "அந்தக் கடிகாரம் ஏன் அவ்ளோ உயரத்துல?"

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன்.

சாயங்காலச் சாப்பாடு செஞ்சி ரோட்டு மெஸ். தே. வாங்கி வந்ததை என் பாத்திரங்களில் மாற்றிச் சூடு பண்ணினேன். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நீங்க வச்ச சாம்பாரா?"

"ஆமாங்க."

"ம். சொந்த ஊரு இதேதானா?"

தே. தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நிற்கிறார். எனக்குக் கேட்கிறது, என் குரல்தான்: "திண்டிவனம்ங்க. டவுனு."

தே. சொம்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டும் வரவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்தபோதுகூட இத்தனை வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

ஜூன் 14, சனி

காலை ஆறரைக்கே தே. அந்த அம்மாவை மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனார். நான் குளியலறை, படி, கைப்பிடி. முழங்கால் வலி.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னால் தே., பின்னால் அந்த அம்மா, அவர் மடியில் மெஸ் பார்சல்!

விஷயம் இதுதான். வரும் வழியில் இந்த மனிதர் மெஸ்ஸில் வண்டியை நிறுத்தி, அந்த அம்மா கண்ணெதிரிலேயே பார்சல் வாங்கியிருக்கிறார். சொன்ன நேரத்துக்கு வாங்க வேண்டும் என்பதுதான் அவர் தலையில் இருந்ததாம். யாரை வைத்துக்கொண்டு வாங்குகிறோம் என்பது இல்லையாம்! "இது யாருக்கு?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். "உங்களுக்குத்தாங்க." பிறகு ஏன் எதற்கு என்று கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாதா படம், இட்லி, காலனி, நட்சத்திரம், திங்கள் பத்து மணி. ஒன்று விடாமல்.

சமையலறையில் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன் சொன்னீங்க?"

"வேற மாரி சொல்ல வாய் வரல மேரி. நீ சொன்ன அந்த ஊர நானும் சொல்ல என்னால ஆவாது."

அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பார்சலை என் பக்கம் தள்ளினார். "இத நீங்க சாப்பிடுங்க. உங்களுக்கு என்ன செஞ்சீங்களோ அத எனக்குப் போடுங்க."

எங்களுக்கு இருந்தது கேப்பைக்களி, கருவாட்டுக் குழம்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) துவையல். வைத்தேன். களியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். துவையல் இன்னொரு தரம் கேட்டார். அழகாக ஒன்றும் பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. மீன்முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தார்.

சந்தோஷப்படவா, பயப்படவா? அந்தச் சென்னை அம்மாவும் மீன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கியவர்தான். அது நடந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மூன்று வருடம் போல இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அந்த அம்மா பத்து மணிக்குக் கிளம்பினார்.

வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். "அங்க மாட்டியிருந்தத ஏன் எடுத்தீங்க?"

"பயந்துக்கினுதாங்க."

தலையாட்டினார். தே. ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அந்த அம்மா கல்வெட்டைப் பற்றித்தான் பேசினாராம்.

நான் முதலில் போட்டால்தான் அவருடையது திறக்கும். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் சிரிப்பைப் பார்த்துப் போட்டேன். இவர் சிரிக்கவே இல்லை. ஐந்து போட்டேன். "தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். அறையை அப்படியே விட்டுப் போனார்." இந்த ஐந்து சரிதான்.

சாயங்காலம் நாலேகாலுக்கு அவருடையது வந்தது.

சுத்தம் 5. படுக்கை 5. இடம் 5. விவரம் சரியாக இருந்ததா – 2. மொத்தம் 4.

"சுத்தம் என்றால் இந்த வீடுதான். விரலில் ஒரு தூசி ஒட்டவில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாடு என்று போட்டுவிட்டு முதல் நாள் மெஸ் சாப்பாடு தந்தார்கள். கேட்டபோது வீட்டில் வைத்தது என்றார்கள். இரண்டாம் நாள் போட்ட சாப்பாட்டை முதல் நாளே போட்டிருக்கலாம்."

பத்துப் பேர். நாற்பத்து நான்கு. 4.4.

நிஷா போனில் கத்தினாள். "எல்லாம் தெரிஞ்சும் நாலு போட்ருக்காங்களே, மனசாட்சி இல்லையா?" எனக்கும் முதலில் ஆத்திரம்தான். ஒரு நட்சத்திரம்! அவருக்கு அது போனில் விரலால் ஒரு தொடுதல். தே. மட்டும் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்துவிட்டு, "அந்தம்மா பொய் எழுதல" என்றார்.

எழுதவில்லைதான். இந்த நான்கு எனக்கு உரியது, நான் பொய் சொன்னேன். அந்த இரண்டு எனக்கு உரியது இல்லை. ஆனால் அந்த இரண்டுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். ஆப்புக்கு இரண்டும் ஒரே கூட்டல்.

ஜூன் 16, திங்கள்

லேசான தூறல். கொடியில் போட்ட பெட்ஷீட்டை எடுத்துத் திரும்ப உள்ளே.

காலை ஏழு. கடிகாரத்தைக் கழற்றி மாதா படத்தை மாட்டினேன். தே. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நிஷாவிடம் கேட்டேன், ஆபீசில் என்ன ஊர் சொல்லியிருக்கிறாய் என்று. "அப்புறம் பேசறேன் மா."

ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே வீட்டுக்காரர் ஒரே ஒரு பதில் எழுதலாம். சென்னைக் குடும்பத்துக்கு ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்தேன். "வருந்துகிறோம், அடுத்த முறை திருத்திக்கொள்கிறோம்" என்றெல்லாம். இன்றைக்கு எழுதியது:

"ஞாயிறு காலை எட்டு மணி வரை உங்களுக்கு எங்கள் வீடு பிடித்திருந்தது. எட்டு மணிக்கு, ஊரா காலனியா என்று கேட்டீர்கள். காலனி என்றோம். பத்து இட்லி மீந்தது. எட்டு மணிக்கு முன்னாலும் பின்னாலும் அறை ஒரே அறைதான். – அருள்மேரி."

தே.வுக்குப் படித்துக் காட்டினேன். "காலனிக்குப் பக்கத்துல நம்ம டேங்கையும் போடு" என்றார். போடவில்லை. அனுப்பிவிட்டேன்.

மணி 9.40. பத்து மணிக்கு வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்; அதுவரை இருபது நிமிடம் என் பதில் எல்லோர் கண்ணிலும் படும். மழை விட்டுவிட்டது, பெட்ஷீட்டைத் திரும்பக் கொடியில் போட வேண்டும்.