நீ கேட்ட சம்பளம்

கறம்பக்குடிப் பக்கம் முதலாளி குடும்பத்தின் பூட்டிய வீட்டை இன்று காலை திறந்தேன். வௌவால் நெடி முகத்தில் அடித்தது. நாம் சேர்ந்து வந்த காலத்தில் நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கும் சேத்துத்தாண்டி சம்பளம்" என்பாய். இப்போது நான் தனியாகத்தான் வருகிறேன். ஓடுகளைப் பார்த்தேன், எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன், பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நம் வேலை என்னவென்று சொந்த ஊரான கீரனூரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. மில்களை விற்றுவிட்ட ஒரு குடும்பம்; அதன் முதலீடு, வாடகை, வரி, மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் கவனிக்கத் திருச்சியில் ஓர் அலுவலகம். நீ ஆபரேஷன்ஸ் மேனேஜர், நான் கணக்கு. "ஒரு வீட்டுக்கு எதுக்குடி ஆபீஸு?" என்று என் அம்மா கேட்டபோது நீ வெகுநேரம் சிரித்தாய்.

திருச்சி பஸ்ஸில் ஒருநாள் சொன்னாய்: "நமக்கு மேல அந்தக் குடும்பந்தான் இருக்கு. அவுங்க நாக்காலிக்கு நாம போக முடியாது. பதவி ஒசராத எடத்துல சம்பளமாவது ஒசரணுமில்ல?"

மறுவாரம் என்னையும் அழைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துப் பெரியவர் அறைக்குப் போனாய். முறையான நியமனம், பி.எஃப்., ஆண்டுதோறும் உயர்வு எல்லாம் கேட்டாய்.

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா. அதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"வீட்டுப் பொண்ணுன்னா கேக்கக் கூடாதுங்கய்யா. நான் வேலைக்குத்தான் வந்தேங்க."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாய். பிறகு பெங்களூரில் இதைவிடப் பெரிய குடும்பம் ஒன்றின் அலுவலகத்துக்கு, கிட்டத்தட்ட இருமடங்கு சம்பளத்தில் போய்விட்டாய்.

அடுத்த ஆண்டு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் மகன் அமெரிக்காவிலிருந்து உன்னைத்தான் அழைத்தார். எந்த மருத்துவமனை, எந்தக் காப்பீடு, எந்த டாக்டர் என்று பெங்களூரிலிருந்தே போனில் எல்லாவற்றையும் நடத்தினாய். தேறி வந்தவர் என் முன்னால் உன்னைக் கூப்பிட்டார். "கேட்டதெல்லாம் தாரேம்மா, வந்துரு."

ஸ்பீக்கரில் உன் குரல் நிதானமாக வந்தது. "வரலைங்கய்யா. இங்க எனக்குச் சரியா இருக்கு. அவளப் போடுங்க. நான் கேட்டத அவளுக்குக் குடுங்க."

எனக்கு முதலில் வந்தது நன்றியல்ல, கோபம். என்னைக் கேட்காமல் என் வேலையை நீ எப்படி முடிவு செய்யலாம்? அன்று சாயங்காலம் போனில் அதையே கேட்டேன். "வேணாம்னா நீயே சொல்லிக்க. ஆனா வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லு" என்றாய். என் வீட்டுக்காரர் அப்போது குவைத்துக்குத் திரும்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளம் வந்ததால் அவர் போகவில்லை.

பெங்களூரில் உனக்குக் கீழே ஒரு குழுவே அமைந்த பிறகுதான் நோய் தெரிந்தது. கீரனூருக்கு உன் உடலைக் கொண்டுவந்த அன்று பெரியவரும் வந்தார். மாலை வைத்துவிட்டு, எடுக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இப்போது பொறுப்பில் இருப்பவர் மகன். போன வாரம் அவரிடம் எனக்கும், புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கும் சம்பள உயர்வு கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். "எப்பச் சொல்வீங்க?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார், வெள்ளிக்கிழமை என்றார்.

வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். எதைக் கேட்டாலும் நான் வழக்கமாகச் சொல்லும் 'தப்பா நெனைக்காதீங்க' என்று தொடங்காமலே பேசி முடித்திருக்கிறேன்.