சண்டைக்குப் பின் ஒரு டம்ளர் பால்

ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அங்கே சித்தி வீட்டில் நீயும் சித்தியும் நலமா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், எழுது என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

அப்பாதான் சமைக்கிறார். சமையல் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, அச்சகத்தில் பிழை திருத்தும் அதே சிவப்புப் பேனாவோடு அடுப்பு முன்னால் நிற்கிறார். 'உப்பு தேவையான அளவு' என்ற வரியைச் சுழித்து வைத்திருக்கிறார். "தேவையான அளவுன்னா எவ்வளவு? இதை எவன்டா அச்சுக்கு விட்டான்?" என்று என்னைக் கேட்கிறார். முதல் வாரம் பருப்பில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. இப்போது கரண்டியில் நிற்கிறது. பூசணிக்காயும் கீரையும் வேகவைத்தே தருகிறார். பொரிக்க அவருக்குப் பயம்.

என் வயிற்றுவலிக்கு டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, பிறகு வயிறு எப்படி இருந்தது. ஒவ்வொரு பொருளாகப் பத்து நாள் நிறுத்திவிட்டு, மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும். "உன் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியணும்மா" என்றார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது நீ சொன்னதை நினைவில் வைத்திருக்கிறேன். "நாங்க சண்டை போட்டாலே உனக்கு வயிறு வலிக்குது. கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன். உனக்குச் சரியானதும் வந்துடுறேன்." அதனால்தான் நோட்டில் ஒரு வேளைகூட விடாமல் எழுதுகிறேன். நீ போனபின் வலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

உன் அன்பு மகள்,
பூச்சி

*

ஜூன் 21

என் பூச்சிக்கு,

வலி குறைஞ்சிருக்குன்னு படிச்சதும் மிஷினை நிறுத்திட்டு அந்த வரியை மறுபடி படிச்சேன். பார்த்தியா, நான் சொன்னேன்ல. நான் இந்தப் பக்கம் வந்தது நல்லதாப் போச்சு.

தையல் கூடத்துல எனக்குக் காலர் வேலை. ஒரு நாளைக்கு நூறு காலர். சட்டையோட மீதி உடம்பை நான் இன்னும் பார்க்கலை. மத்தியானம் ஒரு மணிக்கு மணி அடிச்சதும் ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறோம். எல்லாருமே வாயாடிங்க.

கிழங்கு அதிகம் வேண்டாம். தண்ணி குடி. பாலை மட்டும் விட்டுடாதே. நாங்க கத்தி முடிச்சு, நீ அலமாரி ஓரத்துல பயந்து ஒடுங்கிக் கிடக்கும்போது, தேன் விட்டுச் சூடா ஒரு டம்ளர் கொடுப்பேனே, அதைக் குடிச்சப்புறம்தான் உனக்கு மூச்சே சீராகும். அப்பாவைக் காய்ச்சித் தரச் சொல்லு. பொங்கவிடாமப் பார்த்துக்கச் சொல்லு, அடுப்பைத் துடைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

முத்தங்களோடு,
அம்மா

*

ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

முக்கியமான செய்தி. நிதானமாகப் படி.

நீ போனபின் இங்கே பால் வாங்கவே இல்லை. அப்பா வெறும் டீத்தூள் போட்டுக் குடிக்கிறார், நான் கேட்கவும் இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் இதைக் கவனித்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அப்போ பாலைத்தான் முதல்ல சேர்த்துப் பாரு" என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அப்பா பால் காய்ச்சினார். பொங்கவிட்டார், துடைக்கவும் துடைத்தார். தேன் விட்டுக் குடித்தேன். வீட்டில் சண்டை இல்லை. சண்டை போட ஆளே இல்லை. நான் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். நாலே முக்காலுக்கு வலி வந்தது. அதே வலி, அதே இடம். புதன்கிழமை மறுபடி குடித்தேன். மறுபடி வந்தது.

அம்மா, நாம் எல்லோரும் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் வலித்தது உண்மைதான். ஆனால் மற்ற நாளில் பாலைத் தொடாத எனக்கு, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நீ பால் கொடுத்தாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ஆசையாகத்தான் கொடுத்தாய். டாக்டரம்மாவும், "பாவம், எந்த அம்மாவுக்குத் தோணும்" என்றார். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் சண்டை போடுவதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பால் வாங்காமல் இருந்தால் போதும். நீ வந்துவிடலாம்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் உன் துணி இருந்த அலமாரித் தட்டைத் துடைத்து, புதுத் தாள் விரித்திருக்கிறார்.

எந்த பஸ் என்று எழுது. நான் வந்து நிற்கிறேன்.

உன் அன்பு மகள்,
பூச்சி

*

ஜூலை 29

அம்மாவுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? ஒருவேளை தபாலில் தவறியிருக்கலாம். சுருக்கமாக மறுபடி சொல்கிறேன்: பால்தான் காரணம். நீ இல்லை, அப்பாவும் இல்லை.

பூச்சி

*

ஆகஸ்ட் 9

என் கண்ணுக்கு,

ரெண்டு கடிதமும் கிடைச்சது. முதல் கடிதத்தை மிஷின் மேசை டிராயர்ல வெச்சு, தினமும் எடுத்துப் படிச்சேன். நாலு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன்.

முதல்ல என் கையாலேயே உனக்கு வலியைக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க ஒரு காலரும் தைக்கலை. அப்புறம் வேற ஒண்ணு தோணுச்சு. அது இதைவிடக் கஷ்டமா இருக்கு. ஆனா உன்கிட்ட பொய் சொல்ல முடியாது, நீ கோடு போட்டு எழுதுறவ.

உன் வயித்துவலிக்காகத்தான் வந்தேன்னு சொன்னேன். அது பொய் இல்லை. ஆனா அந்த வலி இல்லாம இருந்திருந்தா, நான் வேற ஒரு காரணம் தேடியிருப்பேன். வர்றதுக்குக் காரணம் சொல்ல உன் வலி எனக்குத் தோதா இருந்துச்சு. இப்போ அந்தக் காரணம் போயிடுச்சுன்னு நீ எழுதியிருக்கே. எனக்கோ பெட்டியை எடுக்கக் கை வரலை.

உங்க அப்பா கெட்டவர் இல்லை. யார் கேட்டாலும் அதையே சொல்லு. எனக்கும் அவருக்கும் ஆகலை, அவ்வளவுதான். பதினஞ்சு வருஷம் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். இங்க உட்கார்ந்து சாப்பிடுறேன், எனக்குப் பசிக்குது.

நீ லீவுக்கு வா. எப்போ வேணும்னாலும் வா. கோபம் வந்தா அதையும் எழுது.

அம்மா

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கோபம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அப்பா கேரட் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காங்களாம்."

"பஸ் எதுன்னு எழுதியிருக்காளா?"

"இல்லைப்பா."

மீதிக் கேரட்டையும் நறுக்கி வேகவைத்தார். பிறகு, "சரி மேடம், தட்டு எடுங்க" என்றார். சோறு, பருப்பு, கேரட். எல்லாமே சரியாக வெந்திருந்தது. ருசி மட்டும் தெரியவில்லை, இரண்டு பேரும் முழுதாகச் சாப்பிட்டோம்.

லீவுக்கு வருகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். தயிர் கொஞ்சம் போல ஒத்துக்கொள்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷத்துப் படிவம் கொடுத்தார்கள். அப்பா முகவரிக்கு ஒரு கட்டம், அம்மா முகவரிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு வருஷமும் இரண்டாவதில் 'மேற்படி' என்று எழுதுவேன். டீச்சர் அதைப் பார்த்து, "நம்ம வக்கீலம்மா எழுதியாச்சு" என்று சிரிப்பார். இந்தத் தடவை உன் கதவு எண், தெரு, சித்தி பெயர் எல்லாம் எழுதினேன். கட்டம் சின்னது. கடைசி வரியை ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியதாயிற்று. டீச்சர் வாங்கி, படித்துவிட்டு, மற்ற படிவங்களின் கட்டோடு சேர்த்து வைத்தார்.

இப்படிக்கு,
பூச்சி