குரல் போகாத போன்

செவ்வாய், இரவு.

உளவு பார்க்காத லினக்ஸ் போன் என்று ஓசூர் ஃபேக்டரி கேன்டீன் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். போனை இயக்கும் ஓஎஸ்ஸைப் புதிதாக ஞாயிறன்று ஏற்றினேன்; அதில் எதிராளி பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அங்கே போவதில்லை. வம்பு பேசியே வளர்ந்த வாய்க்கு இது தேவைதான் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று மாலை பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஆபீஸ்ல கூட வேலை செய்யற கன்னடப் பையனைக் கட்டிக்கலாம்னு இருக்கறேன். அம்மாகிட்ட இப்ப சொல்லிடாத. நீ சரின்னா போதும்."

மொட்டைமாடியில் நின்று, "சரி கண்ணு, சரி" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை.

"கோவமாப்பா? ஒரு வார்த்தை பேசேன்."

அழுதுகொண்டே வைத்துவிட்டாள். மெசேஜும் இதில் போகவில்லை. மனைவியின் போனைக் கேட்டால், "உங்க போனுக்கு என்னாச்சு, யாருகிட்டப் பேசப் போறீங்க?" என்று பக்கத்திலேயே நிற்பாள். எதிர்வீட்டில் கேட்டால் விடிவதற்குள் அவள் காதுக்கு வந்துவிடும்.

பழைய ஓஎஸ் இதற்கு நேரெதிர். நான் பேசுவது போகும், எதிராளி பேசுவது எனக்குக் கேட்காது. இரண்டையும் செய்கிற ஒன்று இந்தப் போனுக்கு இன்னும் அகப்படவில்லை. மகள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். பழையதையே மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பாதிதான் ஏறியிருக்கிறது. முழுக்க ஏறும்வரை அவள் தூங்கிவிடக் கூடாது.