இயற்பியலில் அறுபத்தொன்று

மே 6, செவ்வாய்

பிளஸ் டூ ரிசல்ட் வர இன்னும் இரண்டு நாள். சும்மா கண்ணை மூடிப் பார்த்தேன். இயற்பியல் புத்தகம் பக்கம் பக்கமாக வருகிறது, ஓரத்தில் சிந்திய சாயாக் கறையோடு. ஒரு வருஷம் நாலு மணிக்கு எழுந்ததன் பலன். மனுஷத் தலைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா?

மே 8, வியாழன்

இயற்பியல் – 61.

மே 9, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. செய்முறை, அகமதிப்பீடு இரண்டிலும் சேர்த்து முப்பதுக்கு முப்பது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு முப்பத்தொன்று. பக்கத்து வீட்டு ஷைஜா என்னோடு கருங்கல் ஊருக்கு டியூஷனுக்கு வந்தவள். கடைசி ஒரு மாதம்தான் புத்தகத்தைத் தொட்டாள். அவளுக்கு 89. நல்ல பிள்ளை, என்னைப் பார்த்ததும் லட்டுப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா சொன்னது: "ஏட்டி ஜினிஷா, அழுதா மார்க்கு கூடுமா? பிஸிக்ஸ் நமக்கு வேண்டாம். பி.காமுக்குப் போ, பேங்க் வேலையாவது கிட்டும்."

பி.எஸ்ஸி இயற்பியல்தான் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லித் திரிந்தவள் நான். இப்போது எந்த மூஞ்சியோடு கேட்க?

மே 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளின் பெயரை மாதா கோயில் மைக்கில் வாசிப்பார்கள். தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். மைக் வீடு வரைக்கும் கேட்கும் என்பதை மறந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

விடைத்தாள் நகல் வந்தது. திருத்தினவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இரட்டைப் பிளவுக் கணக்கு. கேள்வியில் திரைக்குத் தூரம் ஒன்றரை மீட்டர். நான் ஒரு மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் ஒரு மீட்டர். புத்தகத்து விடையையே புள்ளி மாறாமல் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். இப்படியே மற்றக் கணக்குகளும். பெரிய கேள்விகளில் கேட்டது ஒன்று, நான் எழுதியது அதற்குப் பக்கத்துப் பாடம்.

கேள்வியை நான் வாசிக்கவே இல்லை. முதல் நாலு சொல்லைப் பார்த்ததும் தலைக்குள் பக்கம் திறந்துவிட்டது. இப்படியும் ஒருத்தியால் முடியுமா? என்னையே நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளி கடைசி. பி.காம் என்று அம்மா நிரப்பி வைத்திருக்கிறாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஜூன் 3, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம். அப்பா கொச்சியிலிருந்து வந்துவிட்டார். சாயங்காலம் அவரோடு தூண்டில் வளைவு வரை போனேன். கரை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவர்கள். எங்கள் வீட்டுக்கு நேரே இரண்டு, நடுவில் இடைவெளி. இனயத்தில் பிறந்த நாளிலிருந்து பார்ப்பதுதான்.

இன்றுதான் பார்த்தேன். அலை நேர்கோடாக வருகிறது. இடைவெளிக்குள் நுழைந்ததும் அரைவட்டமாக விரிகிறது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. கல்லின் மறைவில், அலை வரவே வழியில்லாத மூலைக்கும் வளைந்து போய்த் தொடுகிறது.

விளிம்பு விளைவு. நூறு தடவை ஒப்பித்த நாலு வரி. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த வரிகள் உலகத்தில் இருக்கிற ஒன்றைப் பற்றியவை என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது – இதுவும் ஒரு படிப்பா?

"அப்பா, அங்க பாருங்க, அலை மடங்குது."

"அது மடங்கத்தான செய்யும் மக்கா. அதனாலதான் அந்த மூலையில கெடக்க வள்ளம் ஆடுது." கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, ஏன் மடங்குது?"

சொன்னேன். அலையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு புது அலையைப் பிறப்பிக்கும், அதனால் இடைவெளியில் நுழைந்த துண்டு பக்கவாட்டிலும் பரவும், வெளிச்சமும் இப்படித்தான் என்று. அப்பா முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். வாயைத் திறந்தபடி நின்றார்.

"வெளிச்சமுமா? இத நீ பரீச்சையில எழுதலியா?"

"எழுதினேன். கேக்காத கேள்விக்கு."

அப்பா சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். ரிசல்ட் வந்த பிறகு இன்றைக்குத்தான்.

ஜூன் 5, வியாழன்

பி.காமை அடித்துவிட்டு இயற்பியல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள், மடித்து மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 10, புதன்

கல்லூரியில் முதல் உள்தேர்வு. ஐம்பதுக்கு இருபத்தேழு. வகுப்பில் பாதிக்கும் கீழே. ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை வாசித்ததில் கடைசி இரண்டுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. ஆனால் இந்தத் தடவை கணக்குகளில் நான் போட்டது கேள்வியில் இருந்த எண்தான்.

விளிம்பு விளைவுக்குப் படம் கேட்டிருந்தார்கள். புத்தகப் படம் வழக்கம்போல வந்து நின்றது. அதை விட்டுவிட்டு இரண்டு தூண்டில் வளைவையும் அலையையும் வரைந்திருந்தேன். தாளைத் தரும்போது கிருஷ்ணமணி சார், "இது எந்த இடம்?" என்றார்.

"எங்க வீட்டுக்கு முன்னால, சார்."

சனிக்கிழமை வகுப்போடு பார்க்க வருகிறாராம். பதினெட்டு பேருக்குக் கட்டஞ்சாயா வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எதுக்குட்டி வாறாங்க?"

"அலை பாக்க."

"அலையையா? பதினெட்டு பேரா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.