மதகு திறந்த குற்றமும் நடு ஆசனத்து வழக்கும்

வானம் பொய்க்காத குவளைநாட்டை ஆளும் மாமன்னர் திருமாவிளங்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் கீரந்தையார் தென்கரை நாடாள்வார் பொன்னவிரார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் களஞ்சியங்கள் பெருகுக. மன்றத்தின் துணையின்றியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் தங்கள் குடிகளின் கெட்ட வழக்கம் மேலும் ஓங்குக.

அரண்மனை நீதிசபையில் பாட்டன் தொடுத்த வழக்குக்குப் பேரன் தீர்ப்புக் கேட்கும் அவலத்தை ஒழிக்கவே மன்னர் சமரச மன்றத்தை நிறுவினார் என்பது தாங்கள் அறிந்ததே. கடல்கடந்த நாடுகளில் இம்முறை செழிப்பதைக் கண்டுவர மன்றத்தின் நடுவர் மூவர் மரக்கலம் ஏறிச் சென்றனர். உடல் சற்றுப் பருத்துத் திரும்பி வந்தனர். வந்ததும் முதல் வேலையாக ஒரு விதி வகுத்தனர். வழக்குக்குரிய பொருள் எதுவாயினும், தீர்ப்பு வரும்வரை அதற்கு அரச முத்திரையிட வேண்டுமாம்.

முதல் வழக்கு தங்கள் தென்கரையிலேயே வாய்த்தது. சேந்தி என்னும் உழத்திக்கும் பக்கத்து வயல் கொற்றனுக்கும், ஒரே மதகின் நீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று தகராறு. மதகுக்கு முத்திரை விழுந்தது. தென்கரை மன்றத்தில் நடுவர் கூடினர். கூடியவர்கள், மூவரில் நடு ஆசனம் யாருக்கு என்று தமக்குள் மோதிக்கொண்டு, அந்த ஆசன வழக்கை எங்கே கொண்டுபோனார்கள் என்கிறீர்கள்? நேரே அரண்மனை நீதிசபைக்கு! மன்னர் தலையில் அடித்துக்கொண்டதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இங்கே ஆசனத்துக்கு வாதம் நடக்க, அங்கே பால்பிடித்த கதிர் வாடிற்று. சேந்திக்கு அந்த வயலை விட்டால் வேறு கதியில்லை. பிள்ளைகளின் ஆண்டுச் சோறு கண்ணெதிரே கருகுவதைச் சொல்லி அவள் மன்ற வாசலில் அழுதாள். முதலில் ஆசனம் முடிவாகட்டும் என்று காவலன் விரட்டினான். வயிறெரிந்து மதகடிக்கு நடந்தாள். அங்கே கொற்றனும் மண்வெட்டியோடு நின்றிருந்தான். பின் நடந்ததை அவள் வாக்குமூலத்தில் உள்ளபடியே எழுதுகிறோம், பொறுத்தருள்க:

“‘அண்ணே, பயிரு செத்தப்புறம் யாரு முந்திப் பாய்ச்சினா என்ன? பகல்ல நீ பாய்ச்சிக்க, ராத்திரி நான் பாய்ச்சிக்கிறேன்’னேன். ‘இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா தாயி’ன்னுச்சு. ‘நீ எங்க என்னைப் பேச விட்ட?’ன்னேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து முத்திரையை உடைச்சிட்டோம்.”

இதைக் கேட்டதும் நடுவர் மூவரும் முதன்முறையாக ஒருமனப்பட்டனர். மன்றத்தின் அனுமதி பெறாமல் சமாதானமானது பெருங்குற்றம் என்றும், இருவர் வயலையும் பறிக்க வேண்டும் என்றும், மதகை மீண்டும் அடைத்து அந்தச் சண்டையை அவர்கள் முறைப்படி முதலிலிருந்து போட வேண்டும் என்றும் விண்ணப்பித்துள்ளனர். விண்ணப்பம் மிக நல்ல தமிழில் இருந்தது.

இனி அரசாணை. முத்திரை உடைத்தது குற்றமே. அதற்குத் தண்டனையாக, நடு ஆசனத்து வழக்கைச் சேந்தியும் கொற்றனுமே விசாரித்துத் தீர்க்கக் கடவர். வயல்கள் அவரவர்க்கே உரியன. மதகு திறந்தே இருக்கும். அறுப்பும் போரடிப்பும் முடிந்து, இருவருக்கும் ஒழிந்த வேளை வாய்க்கும்போது விசாரணை தொடங்கலாம். அவர்களை எவரும் அவசரப்படுத்தலாகாது.

நடுவர் வகுத்த விதியை மீற மன்னர்க்கும் மனமில்லை. ஆகவே வழக்குக்குரிய மூன்று ஆசனங்களுக்கும் தாங்கள் இன்றே முத்திரையிடுக; அதற்கான அரக்கும் இலச்சினையும் தூதனிடம் உள்ளன. நடுவர் மூவரும் நாள்தோறும் தவறாது மன்றத்துக்கு வந்து, தீர்ப்பு வரும்வரை நின்றுகொண்டிருக்கக் கடவர்.

குவளைப்பூ முத்திரை பொறித்தோம். ஆணை நிலைபெறுக, நடுவரும் அவ்வாறே நிற்க.