தோளில் ஏறிய பல்லக்கு

கானாசாவா, ஜப்பான்

அன்புள்ள அம்மாவுக்கு,

பூவரசன் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, படிப்பும் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கோவில் திருவிழா. சாமிப் பல்லக்குத் தூக்க ஆள் போதவில்லை என்று, நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் குரோனுமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விழாச் சட்டையை மாட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார்: "இந்த வருஷம் வீட்ல யாரும் தவறலையே? தவறியிருந்தா தூக்கக் கூடாது, பாத்துக்க."

நம் ஊர் வழக்கம்தான் இங்கும். அப்பாவுக்கு இன்னும் தலைத்திவசம்கூட ஆகவில்லை. ஆனால் இங்கே யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வராமல், "இல்லை" என்றேன்.

பல்லக்கின் அடியில் நுழைந்த பிறகு வெளியே வர வழியில்லை. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் மார்பு. எனக்கு அப்பாவின் உயரம் என்பதால் மரத்தின் பாரம் முழுக்க என் மேல்தான். "நெட்டையா, முட்டிய மடக்குடா. நாங்க சும்மா தொங்கிட்டு வர்றோம்" என்று பின்னாலிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவுக்குத் தோள் கொடுக்க வராதவன், கோவில் வாசல்வரை கொடுத்தேன்.

இறக்கியதும் குரோனுமா என்னைப் படம் எடுத்துக் கொடுத்தார். "அப்பாவுக்கு அனுப்புப்பா, சந்தோஷப்படுவாரு. அடுத்த வருஷமும் நீதான்."

தோள் லேசாக வீங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் தைலம் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று குரோனுமாவிடம் சொல்லிவிட்டேன். படம் இதோடு இருக்கிறது. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

பூவரசன்